பாலத்துச் சந்தைக்கு எத்தனை காவல்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் கண்ணுகளுக்கு,

மேடையேறி உங்களிடம் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள், மையத்தை நடத்தும் மேடம். மைக்கைப் பார்த்தாலே எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எழுதித் தந்துவிடுகிறேன் என்று கெஞ்சி வாங்கிக்கொண்டேன். என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நம் பயிற்சி மையத்துக்கு வருகிறவர்கள் பல வருடம் துப்பாக்கிச் சத்தம் கேட்ட நாடுகளிலிருந்து வருகிறார்கள். அங்கே சண்டை ஓய்ந்திருக்கும். ஆனால் குழாயில் தண்ணீர் வராது, பள்ளிக்கூடம் திறந்திருக்காது, ஒரு குறை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது என்று ஜனங்களுக்குத் தெரியாது. ஒரு பஞ்சாயத்து எப்படி நடக்கிறது, ரேஷன் கடையை யார் திறக்கிறார்கள், குடிநீர்த் தொட்டியை யார் கழுவுகிறார்கள் என்று பார்த்துப் போக வருகிறார்கள். வகுப்பு எடுப்பவர்கள் படித்தவர்கள். நம் வேலை கூடப் போவது. ஊருக்குள் கூட்டிப் போய், ஜனங்களோடு உட்காரவைத்து, சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது. அன்னூர்ப் பக்கம் மகளிர் குழுவில் இருந்த என்னை இந்த வேலைக்குக் கூப்பிட்டபோது, பேச வேண்டியதில்லை, கூட நடந்தால் போதும் என்றார்கள். அதை நம்பித்தான் வந்தேன்.

எந்த வண்டி, எந்த ஊர், எத்தனை மணிக்குச் சாப்பாடு என்பதை அலுவலகத்தில் சொல்லித் தருவார்கள். கூடப் போகிறவள் எப்போது நிற்க வேண்டும், எப்போது விலகிப் போக வேண்டும் என்பதை யாரும் சொல்லித் தர மாட்டார்கள். ஒரு குழு வந்திருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன். நாட்டின் பெயர் வேண்டாம். அவர்களுக்குச் சங்கடம்.

அந்த நாட்டில் ஓர் ஆறு. இந்தக் கரை எப்போதும் அரசாங்கத்தின் கையில் இருந்தது. அந்தக் கரையில் காடு. காட்டில் இருந்து சண்டை போட்டவர்கள் கையில் அது இருந்தது. சமாதானம் ஆனதும் இரண்டு கரையையும் சேர்த்து ஒரே மாவட்டம் ஆக்கினார்கள். அதை நிர்வகிக்க இரண்டு பேர். இந்தக் கரைக்காரர் வயதில் மூத்த அதிகாரி, நல்ல உயரம். நாங்கள் அவரைப் பெரியவர் என்போம். அந்தக் கரைக்காரர் காட்டில் படை நடத்தி, சமாதானத்துக்குப் பிறகு தேர்தலில் ஜெயித்து வந்தவர். அவருடைய ஆட்கள் தளபதி என்றே கூப்பிட்டார்கள், நாங்களும் அப்படியே. ஆளுக்குக் கொஞ்சம் பேரைக் கூட்டிக்கொண்டு இரண்டு பேரும் வந்திருந்தார்கள். ஒரே மொழி பேசுகிறவர்கள்தான். ஆனால் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள மாட்டார்கள். மேடத்தைப் பார்த்துச் சொல்வார்கள், மேடம் மற்றவரைப் பார்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

நடுவில் இருந்து மொழி மாற்றியது அமினா. அவளும் அந்த நாட்டுப் பெண்தான். கோயமுத்தூரில் காலேஜ் படிக்க வந்து, ஹாஸ்டல் சமையல்காரம்மாவிடம் தமிழ் கற்றுக்கொண்டவள். அதனால் அவள் தமிழில் எல்லாவற்றுக்கும் ஒரு 'ங்க' இருக்கும். நாயைக்கூட "போயிருங்க" என்றுதான் விரட்டுவாள்.

வந்த முதல் நாளே எங்கள் உபசாரத்தால் வினை வந்தது. நம் ஊர் வழக்கப்படி வாசலில் சந்தனம், கல்கண்டுத் தட்டோடு நின்றோம். எந்தக் கல்யாண வீட்டிலும் போல, வயதில் மூத்தவருக்கு முதலில் நீட்டினோம். தளபதி பேருந்துக்குள் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டார். அவருடைய ஆட்களும் பின்னாலேயே ஏறிவிட்டார்கள். முதல் மரியாதை யாருக்கு என்பதற்காக அங்கே ஆட்கள் செத்திருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

வண்டி ஓட்டும் காதர் பாய் உக்கடத்துக்காரர். அவர்தான் சமாளித்தார்.

"அக்கா, ஒரு தட்டு எதுக்குங்க? இன்னொண்ணு எடுங்க. நீங்க இந்தப் பக்கம் நீட்டுங்க, நான் அந்தப் பக்கம் நீட்டறேன். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு சொன்னதும் ரெண்டு பேரும் ஒரே சமயத்துல நீட்டிப்போடலாம்."

"வெளையாட்டா இருக்குதுங்களா பாய்?"

"வெளையாட்டில்லீங்க. எங்க தெரு தர்காவுல கந்தூரி விழாவுக்கும் இப்படித்தான். ரெண்டு பெரிய குடும்பம், ரெண்டு தட்டு."

அப்படியே நீட்டினோம். தளபதி இறங்கி வந்து, சந்தனத்தை என்ன செய்வது என்று தெரியாமல் வாயில் வைக்கப் போனார். அமினா, "அத நெத்தில வைக்கோணுமுங்க" என்று எங்கள் தமிழிலேயே அவரிடம் சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு மறுபடி அவர்கள் மொழியில் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். பெரியவரும் சிரித்தார். ஆனால் அன்றிலிருந்து எங்களுக்கு எல்லாமே இரண்டு. இரண்டு தண்ணீர் ஜாடி, இரண்டு வரிசை நாற்காலி, சாம்பாருக்கு இரண்டு கரண்டி.

இப்படி இரண்டு இரண்டாக வைத்து ஒப்பேற்றிவிட்டோம் என்று நான் பெருமையாகச் சொன்னபோது மேடம் தலையை ஆட்டினார்கள். "ரெண்டு தட்டு வச்சா சண்டை தீராதும்மா. சண்டை எங்கே இருக்குன்னு காட்டும். அவ்வளவுதான்" என்றார்கள்.

சண்டை இருந்த இடம் பாலம். அந்த ஆற்றுப் பாலத்தில் முன்பு வாரச் சந்தை கூடுமாம். இந்தக் கரை உப்பும் துணியும் அந்தக் கரைக்கு, அந்தக் கரை மாடும் தானியமும் இந்தக் கரைக்கு. சண்டையில் நின்றுபோனது. மழைக்கு முன்னால் திறக்காவிட்டால் அந்தக் கரைக்குப் பாதை சேற்றில் அடைபட்டுவிடும். அப்புறம் அடுத்த வருடம்தான். இங்கே இருக்கும்போதே ஓர் உடன்பாட்டுக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் இரண்டு பேரையும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள்.

அமினா ஒரு நாள் கை கழுவும் இடத்தில் என்னிடம் மட்டும் சொன்னாள். "என்ற அம்மா அந்தப் பாலத்துமேலதானுங்க நெலக்கடலை வித்தாங்க. அதுலதான் நாங்க வளந்தோம். இப்போ மாமா ஊட்டுல இருக்கறாங்க. மாமா ஒண்ணும் சொல்றதில்லீங்க, ஆனா அம்மா சாப்பாடு போட்டுக்கறப்போ கரண்டியக் கொறச்சுக்கறாங்க." கொஞ்சம் நிறுத்தி, "இத யாருகிட்டயும் சொல்லிராதீங்கம்மா. நான் ஒரு பக்கம் சாயறேன்னு நெனச்சுட்டா என்னைய எடுத்துருவாங்க" என்றாள்.

நான் யாரிடம் சொல்லப் போகிறேன். என் சுபாவம் அவளுக்கு அப்போது தெரியாது. இப்போது இதை எழுத அவளே சம்மதம் தந்திருக்கிறாள்.

சந்தையைத் திறக்க இரண்டு பேருக்கும் சம்மதம். இரண்டு பக்கக் காவலும் நிற்கட்டும் என்பதிலும் சம்மதம். எத்தனை பேர் என்பதில்தான் வண்டி நின்றுவிட்டது. அரசாங்கம் என்றால் கண்ணுக்குத் தெரிய வேண்டும், அதனால் என் ஆட்கள் கூடுதலாக நிற்க வேண்டும் என்றார் பெரியவர். உங்கள் ஆட்கள் கூடுதலாக நின்றால் எங்கள் கரைப் பெண்கள் பாலத்தில் கால் வைக்க மாட்டார்கள் என்றார் தளபதி. ஆளுக்கு ஓர் எண் சொன்னார்கள். சொல்லும்போது எதிரிலிருப்பவரைப் பார்க்கவில்லை. தங்கள் ஆட்களைத் திரும்பிப் பார்த்துத்தான் சொன்னார்கள்.

ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி ஒருவர் வகுப்பு எடுக்க வருவார். கிளர்ச்சி நடக்கும் இடங்களில் பல வருடம் இருந்தவர். அவர் பலகையில் பாலத்தை வரைந்தார், முகாம் எங்கே, ரோந்து எங்கே என்று அழகாகக் காட்டினார். கடைசியில் சுண்ணாம்புக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, "பாலத்தைப் பிடிக்க எனக்குத் தெரியும். அதில் ஒரு கடை போட வைக்க எனக்குத் தெரியாது. அதை நீங்கள்தான் செய்ய வேண்டும்" என்றார். எனக்கு அவர்மேல் அன்றைக்கு மரியாதை கூடிவிட்டது. தெரியாததைத் தெரியாது என்று வகுப்பில் நின்று சொல்ல எத்தனை பேருக்கு மனது வரும்.

ஆனால் எண் இறங்கவில்லை. அவர்கள் ஊருக்குத் திரும்பும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அமினாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பேசிப் பேசியா, அழுதா என்று நான் கேட்கவில்லை.

அந்த வாரம் பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்குக் கூட்டிப் போவது முன்பே போட்ட ஏற்பாடு. சந்தையை யார் ஏலம் எடுக்கிறார்கள், யார் கூட்டுகிறார்கள், தொட்டிக்கு யார் தண்ணீர் விடுகிறார்கள் என்று காட்ட. மேடத்துக்குக் காய்ச்சல், வரவில்லை. நானும் காதர் பாயும் அமினாவும்தான். உக்கடம் தாண்டும்போதே காதர் பாய், "அக்கா, இன்னிக்கு நீங்கதான் மேடம்" என்றார். நான் சுருக்குப் பையில் காசு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

சந்தையில் தண்ணீர்த் தொட்டியை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் ஒரு தரகரைச் சுற்றி நின்றுவிட்டார்கள். அவரும் ஒரு வியாபாரியும் கையைக் கோத்து, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, பேசாமல் நின்றார்கள். முகம் மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. விரல்களைப் பிடித்து விலை பேசுவது நமக்குப் பழகிய காட்சி. அவர்களுக்குப் புதிது.

தளபதி கேட்டார், அமினா தமிழாக்கினாள். "அந்தத் துணிக்குள்ள என்னங்க இருக்குது?"

"வெலை" என்றார் தரகர்.

"அத எதுக்கு மறைக்கறீங்க?"

"வெளிய சொன்னா சுத்தி நிக்கறவன் சும்மா இருப்பானுங்களா அம்மிணி? 'இதுக்குப் போயா குடுத்தே'ம்பான். ரோசத்துல யேவாரம் கெட்டுப்போயிரும். உள்ளுக்குள்ள எறங்கி வந்தா, எறங்குனது எங்க ரெண்டு பேருக்குத்தான் தெரியும்."

"ஒத்து வரலீன்னா?" இது பெரியவர் கேட்டது.

"துண்ட ஒதறித் தோள்ல போட்டுட்டு டீ குடிக்கப் போயிருவோமுங்க. பகையொண்ணும் இல்லீங்க."

அமினா இதை அவர்கள் மொழியில் சொன்னாள். எந்த விரலைப் பிடித்தால் எத்தனை என்று பெரியவர் கேட்டுக்கொண்டார். தரகர் காட்டிக் கொடுத்தார். பிறகு தளபதி தரகரின் தோளிலிருந்த துண்டைக் கேட்டு வாங்கினார். வாங்கி, பெரியவரைப் பார்த்துக் கையை நீட்டினார்.

அத்தனை நாளில் அவர்கள் ஒருவரை ஒருவர் நேராகப் பார்த்து நான் கண்டதில்லை.

கண்ணுகளா, இங்கேதான் நம் வேலை வருகிறது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அவர்களுடைய ஆட்கள். இரண்டு பக்கத்து ஆட்களும் இன்னும் நெருங்கி வந்தார்கள். ஒருவர் படம் பிடிக்கக் கைபேசியை எடுத்துவிட்டார். பெரியவரின் கை பாதி தூரத்தில் நின்றது. எனக்கு அதிகாரம் ஒன்றும் கிடையாது. மாடு விற்கும் முறையில் அதிகாரிகளைப் பேசவிட்டேன் என்று நாளைக்குக் குற்றம் வரலாம். தடுக்கவா, பார்த்துக்கொண்டு நிற்கவா என்று யோசிக்க நேரமும் இல்லை. தரகர் சொன்னது மட்டும் காதில் இருந்தது. சுற்றி நிற்பவன் சும்மா இருக்க மாட்டான்.

"பாய், எல்லாத்துக்கும் எளநி" என்றேன்.

காதர் பாய் ஒரு நொடிகூடக் கேள்வி கேட்கவில்லை. கையைப் பரப்பி, கோழிக்குஞ்சுகளை ஒதுக்குவது மாதிரி ஒதுக்கினார். "கம், கம். பொள்ளாச்சி எளநி. வெரி சுவீட்டு. ஃபோன எல்லாம் உள்ள வைங்க, மாடு மெரளும். கம், கம்." மாடு மிரளும் என்றதும் கைபேசி பைக்குள் போய்விட்டது.

எல்லோரும் நகர்ந்தார்கள். அமினா நகரவில்லை.

"நீயும் வா கண்ணு."

"நான் இருக்கறேனுங்கம்மா. எதாச்சும் வேணும்னா…"

"வெரலுக்கு மொழி மாத்த ஆளு வேண்டாம். வா."

"எனக்குத் தெரியோணுமுங்க. இது என்ற அம்மாவோட சந்தைங்க."

"அதனாலதான் கூப்புடறேன். உன்ற மூஞ்சி அங்க நின்னா அவங்க உன்ற மூஞ்சியப் பாத்துத்தான் பேசுவாங்க. அப்பறம் அது நெலைக்காது."

அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் வந்தேன். என் வாழ்நாளில் யாரையும் அப்படி இழுத்ததில்லை. இளநீர்க் கடையில் நின்று குழலைக் கடித்துக்கொண்டே இருந்தாள். "அமினா, எளநியக் குடிக்கறயா, மெல்லறயா?" என்றார் காதர் பாய்.

கொஞ்ச நேரத்தில் தரகரே அங்கே வந்துவிட்டார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"ஏனுங்க, நீங்க இங்க வந்துட்டீங்க?"

"என்ற துண்ட வாங்கிட்டு என்னையே போகச் சொல்லிப்போட்டாங்கம்மா. என்ற பொழப்புல இப்படி ஒரு அவமானம் நடந்ததில்லீங்க." அவருக்கும் ஓர் இளநீர் வெட்டச் சொன்னோம்.

தூரத்தில், மாட்டு லாரிகளுக்கு நடுவே, இரண்டு பேரும் நிற்பது தெரிந்தது. தளபதி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "போச்சுங்க" என்றார் தரகர். அமினா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். ஓடிப் போய் நடுவில் நிற்கலாமா என்று எனக்கே கால் பரபரத்தது. போகவில்லை. பெரியவர் எட்டி அந்தத் துண்டை அவர் தோளிலிருந்து உருவி, மறுபடி கைமேல் போட்டார்.

"அட" என்றார் தரகர். "கெழவருக்கு யேவாரம் தெரியுதே."

அவர்கள் திரும்பி வந்தபோது துண்டை நான்காக மடித்துத் தரகரிடம் கொடுத்தார்கள். நேராகப் போய் வண்டியில் ஏறிவிட்டார்கள். வண்டியில் பெரியவரின் ஆள் ஒருவர் அவர் காதோரம் ஏதோ கேட்டார். அமினா எனக்குச் சொன்னாள். "எத்தன வுட்டுக் குடுத்தீங்கன்னு கேக்கறாருங்க. இவரு, 'மாட்டுக்குப் பல்லுத்தான் பாத்தோம்'ங்கறாரு." முன் வரிசையில் தளபதியின் தோள்கள் குலுங்கின. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரிக்கிறார்.

மேடத்திடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "நான் தடுத்திருக்கோணுமுங்களா?" என்று கேட்டேன்.

போர்வைக்குள் இருந்தபடி யோசித்தார்கள். "இல்லைம்மா. விலகிப் போனீங்க பாருங்க, அதுதான் சரி. ஆனா துண்டுக்குள்ளேயே வச்சிருந்தா அது ரெண்டு பேரோட சமாச்சாரமாவே நின்னுடும். நாளைக்கு வெளியே வரணும்."

மறுநாள் காய்ச்சலோடு வந்தார்கள். இரண்டு பேரும் ஒரே எண்ணை எழுந்து சொன்னார்கள். யார் எவ்வளவு இறங்கினார் என்று மேடம் கேட்கவில்லை, மற்றவர்கள் கேட்கவும் விடவில்லை. பெரியவரைப் பார்த்து வேறு ஒன்று கேட்டார்கள். "நாளைக்கு உங்களுக்கு மாற்றல் வரும். இவர் தேர்தல்ல தோற்கலாம். நீங்க ரெண்டு பேருமே இல்லாத ஒரு வாரத்துல, பாலத்துமேல ஒரு காவலர் கூடுதலா நின்னா அதை யார் சொல்லுவாங்க? யார்கிட்ட சொல்லுவாங்க?"

ராணுவ அதிகாரி மெதுவாகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பிறகு பெரியவர் மேடத்தை விட்டுவிட்டு, நேராகத் தளபதியிடம் ஏதோ கேட்டார். தளபதி அவருக்கே பதில் சொன்னார். இரண்டு பேரும் மாற்றி மாற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அமினாவுக்கு மூச்சு வாங்கியது. சந்தையில் கடை போடும் பெண்களுக்குத்தான் ஒவ்வொரு முகமும் தெரியும், அவர்களில் இரண்டு கரையிலிருந்தும் சிலரைச் சேர்த்து ஒரு குழு என்றார் தளபதி. அப்படியானால் கூட்டுவதும் தண்ணீரும் கடைக்கு இடம் ஒதுக்குவதும் அவர்கள் பொறுப்பே, காவலர்கள் காலையில் வந்ததும் அவர்களிடம்தான் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும் என்றார் பெரியவர். எழுதிக் கையெழுத்துப் போட்டு, எல்லோர் முன்னாலும் வாசித்தார்கள்.

அமினா ஒரு வார்த்தை கூட்டவில்லை, ஒரு வார்த்தை குறைக்கவில்லை. முடிந்ததும் எழுந்து கை கழுவும் இடத்துக்குப் போனாள். நான் பின்னால் போகவில்லை. சில நேரம் கூடப் போகாமல் இருப்பதும் நம் வேலைதான்.

நான் கண்டது இவ்வளவுதான். துப்பாக்கியைக் கீழே வைக்கச் செய்கிறவர்கள் வேறு. வைத்த பிறகு வருகிற வேலை நீளமானது, அதில் நாம் ஓரத்தில் நிற்கிறவர்கள். அந்த ஓரத்தையும் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் ஆசையை நடுவில் நுழைத்துவிடக் கூடாது, நல்ல ஆசையாகவே இருந்தாலும். இளநீர் வாங்கித் தரக் கையில் காசு வைத்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் ஊருக்குப் போய்ச் சேர்ந்து, முதல் மழைக்கு முன்னால், இங்கேயே படித்துக்கொண்டிருந்த அமினா ஒரு நாள் மையத்துக்கு ஓடி வந்தாள். கைபேசியில் அவள் அம்மா. பின்னால் ஒரே சத்தம், புழுதி, மாடு, குடை. அந்த அம்மா கடலைக் குவியலுக்குப் பின்னால் நின்று யாரையோ கையை நீட்டி நீட்டித் திட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன கண்ணு, சண்டையா?"

"இல்லீங்கம்மா. ஒரு காவலரு வண்டியக் கொண்டாந்து கடைக்கு முன்னாடி நிறுத்திப்போட்டாருங்களாம். எடுடா அக்கட்டாலன்னு திட்டறாங்க. அவரு எடுக்கறாருங்க. அந்தா பாருங்க, தள்ளறாரு."

துப்பாக்கியை முதுகில் மாட்டிய ஒரு பையன் தலையைக் குனிந்துகொண்டு மோட்டார் சைக்கிளைத் தள்ளுவது தெரிந்தது.

"அவன் எந்தக் கரைக் காவலு?" என்று கேட்டேன்.

அமினா கேட்டாள். அந்த அம்மா கடலை அளந்துகொண்டே ஏதோ சொல்லிவிட்டு, அடுத்த ஆளுக்கு அளக்கத் தொடங்கிவிட்டார்.

"கவனிக்கலீங்களாம்" என்றாள் அமினா.